கேட்டுட்டுத்தான் சேர்க்கணும்

நேற்று மத்தியானம் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தேன். தலைவலித் தைலத்தின் வாசனை குப்பென்று அடித்தது. நீ பின்னால் வந்து நிற்கிறாய் என்றே நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். தட்டில் உன் நீள நோட்டு இருந்தது, பழுப்பு அட்டை போட்டு, முதுகில் துணி ஒட்டினது. நெற்றியில் தைலம் தேய்த்த அதே விரலால்தான் நீ பக்கம் புரட்டுவாய். நோட்டு பாழாகப் போகிறது என்று நான் கத்துவேன். "பாழானா ஆவட்டும் கலா, பூச்சி அண்டாது பாரு" என்பாய். நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. பூச்சி அண்டவில்லை.

தற்செயலாகத் திறந்தேன் என்று சொன்னால் அது பொய். அந்த நோட்டு அங்கே இருப்பது தெரிந்துதான் இத்தனை நாளும் மேல்தட்டோடு நிறுத்திக்கொண்டேன். நேற்று வேறு வழியில்லாமல் போயிற்று. எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் ஒரு கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. நம்முடைய ஆய்வுக் களஞ்சியத்தை அப்படியே தூக்கி அவர்களுடைய புது மென்பொருளுக்கு மாற்றப் போகிறார்கள். அதற்கு முன் ஒரு கேள்விக்கு மட்டும் என் பதில் வேண்டுமாம். ஒரே மாதிரி இருக்கும் ஆசிரியர் பெயர்களை இயந்திரமே ஒன்றாகச் சேர்த்துவிடலாமா, ஆமா இல்லையா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவேண்டும்.

என்ன கேள்வி பார். உன்னிடம் கேட்டிருந்தால் நோட்டைத் தூக்கிக் கணினி மேலேயே எறிந்திருப்பாய்.

நாம் முதலில் சந்தித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே களஞ்சியம் கட்டப்போகிறோம், அலமாரியில் பூட்டிக் கிடக்கிற ஆய்வேடுகளையெல்லாம் யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம் என்று மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். தேநீர் இடைவேளையில் எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒருத்தி தனக்குத்தானே முணுமுணுத்தாள். "நாலு யூனிவர்சிட்டி, பத்து கமிட்டி, ஒரு சமோசா சூடா இல்ல." சிரித்துவிட்டேன். "தமிழா? பெங்களூர்ல எந்த ஏரியா?" என்று திரும்பிக் கேட்டாய். அல்சூர் என்றேன். "நான் ஜீவனஹள்ளி. அப்ப நம்ம ரெண்டு பேரும்தான் இத்த கட்டப்போறோம், அவங்க பேசுவாங்க" என்றாய். விளையாட்டாகச் சொன்னாய். அப்படியேதான் நடந்தது. கூட்டுத் திட்டம் என்று உன்னை எங்கள் நூலகத்தின் மூன்றாம் மாடிக்கு அனுப்பி வைத்தார்கள். ஜன்னலோர மேஜையை நீ எடுத்துக்கொண்டாய். கேட்கவும் இல்லை.

எனக்கு அது வேலை. உனக்கு அது வேறு என்னவோ. எம்.ஃபில். படிக்கும்போது ஒரே ஒரு ஆய்வேட்டைப் பார்க்க வெளியூருக்குப் பஸ் ஏறிப் போன கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பாய். நகல் எடுக்கக் கூடாது, பேனா கூடாது, பென்சிலில் குறிப்பு எடுக்கலாம், அதுவும் இரண்டு மணி நேரம்தான் என்றார்களாம். பாதியில் எழுந்து வந்திருக்கிறாய். "மீதிப் பாதில என்ன இருந்துச்சுன்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது கலா. பூட்டி வெச்சி யாருக்கு என்ன லாபம்?" மீதிப் பாதிக்காகத்தான் நீ இந்தக் களஞ்சியத்தைக் கட்டினாய் என்று நான் கிண்டல் செய்வேன். நீ மறுத்ததே இல்லை.

ஆய்வேடுகளை வாங்குவதற்கே நாய் படாத பாடு பட்டோம். ஒரு பேராசிரியர் கையெழுத்து போட ஆறு மாதம் இழுத்தார். இன்னொருவர், என் மாணவனின் ஆய்வை ஊரே பார்த்தால் ஊரே திருடும் என்றார். அதையெல்லாம் சமாளித்துவிட்டோம். நம்மைக் கவிழ்த்தது பெயர்.

வெளிநாட்டில் எழுதின மென்பொருள் அது. ஆசிரியருக்குக் குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும், அதைப் போடாமல் அடுத்த கட்டத்துக்கு விடாது. நம் ஆட்களிடம் குடும்பப் பெயருக்கு எங்கே போவது? தமிழர்களுக்கு அப்பா பெயரின் முதலெழுத்து. கன்னடர்களில் பலருக்கு ஊர் ஒரு எழுத்து, அப்பா ஒரு எழுத்து. பெண்கள் என்றால் இன்னும் அழகு. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் எழுத்து, பின்னால் கணவனின் எழுத்து. ஒரே பெண் இரண்டு ஆளாகி நிற்பாள். அதற்கு நேர்மாறாக, ஒரே பெயரும் ஒரே எழுத்தும் வாய்த்த இரண்டு பெண்கள் தத்தம் பல்கலைக்கழகத்தில் தனித்தனியாக நிம்மதியாக இருந்திருப்பார்கள். நாம் நான்கையும் ஒன்றாக்கினோமே, அங்கேதான் அவர்கள் முதல்முதலாக முட்டிக்கொண்டார்கள்.

"உனக்கென்னடி, கல்யாணமே பண்ணிக்கல. ஒரே இனிஷியல்ல காலத்த ஓட்டிட்ட. ரெகார்டு ரொம்ப சுத்தம்" என்பாய்.

இப்போது அந்தச் சனிக்கிழமையைச் சொல்லவேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் ஒருநாளும் என் வாயால் முழுசாகச் சொன்னதில்லை.

உன் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம், நீ லீவு. திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது. எத்தனை ஆசிரியர்கள் என்று சரியான கணக்கு வேண்டும் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் சொன்னார்கள். ஒரே ஆளாக இருக்கலாம் என்று சந்தேகப்படும் பெயர்களை அந்த மென்பொருள் வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றாகத் திறந்து, வழிகாட்டி யார், பாடம் என்ன, எந்த வருஷம் என்று ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சேர்க்கவேண்டும் என்று நீ சொல்லிவிட்டுப் போயிருந்தாய். கொஞ்ச நேரம் அப்படித்தான் பார்த்தேன். பிறகு கண் எரிந்தது. வரிசையின் உச்சியில் ஒரு கட்டம் இருந்தது, அதில் டிக் போட்டால் அத்தனைக்கும் டிக் விழும். போட்டேன். பட்டியல் சுத்தமாகிவிட்டது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஒளிப்பானேன். முடித்துவிட்டேன் என்று உனக்குச் செய்தி அனுப்பினேன். "அதுக்குள்ளயா?" என்று பதில் போட்டாய். நான் அதற்குப் பதில் போடவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். நீதான் எடுத்தாய். எஸ். விஜயலக்ஷ்மி, பெங்களூர் ஏரிகளின் மண்ணை ஆராய்ந்து பட்டம் வாங்கியவள். ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்முகம் போயிருக்கிறாள். தேர்வுக் குழுவில் யாரோ நம் களஞ்சியத்தைத் திறந்து அவள் பெயரைத் தட்டியிருக்கிறார்கள். ஏரி மண் பற்றி ஒரு முனைவர் பட்டம், பள்ளிக் கணக்குப் பாடம் பற்றி இன்னொரு முனைவர் பட்டம், இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில், இரண்டு பல்கலைக்கழகத்தில். ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் முழுநேர ஆய்வு செய்யவே முடியாது. ஒன்று போலியாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, அவளை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். "மேடம், எனக்கு ரெண்டு டாக்டரேட் எப்படி வந்துச்சுன்னு கேக்கறாங்க மேடம்" என்று அவள் சொன்னதை நீ ஸ்பீக்கரில் போட்டாய். நானும் கேட்டேன்.

அவள் அப்பா சுப்பிரமணி. கணக்குப் பாடத்தை ஆராய்ந்தவள் இன்னொரு எஸ். விஜயலக்ஷ்மி, அவள் அப்பா ஸ்ரீனிவாஸ். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

சேர்த்ததைப் பிரிக்க அந்த மென்பொருளில் வழியே இல்லை, அன்று சேர்த்ததையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றவேண்டியிருந்தது. இரண்டு ஆய்வேட்டின் முதல் பக்கங்களையும் அச்செடுத்து, கடிதம் எழுதி, கமிட்டி முத்திரை வாங்கி நாம் அனுப்புவதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். நீ நேரிலும் போய்ப் பார்த்தாய். பிரின்சிபால் நல்லபடியாகத்தான் பேசினாராம், ஆனால் தேர்வு முடிந்துவிட்டது என்றாராம். அங்கிருந்து நேராக அந்தப் பெண் வீட்டுக்குப் போயிருக்கிறாய். என்னையும் கூப்பிட்டாய். வேலை குவிந்து கிடக்கிறது என்று சொல்லிவிட்டேன். வேலை என்றைக்கும்தான் குவிந்து கிடந்தது. எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் வந்து நீ சொன்னது ஒரே ஒரு விஷயம். "திட்டுவாங்கன்னு நெனச்சேன். காபி குடுத்தாங்க கலா. அத்த குடிக்க முடியல."

கமிட்டியில் தலைவர் நம் கடிதத்தின் நகலை மேஜையில் போட்டு, "யாரு மாடித்து இது?" என்று கேட்டார், இதைச் செய்தது யார் என்று. சொல்லத்தான் வாயெடுத்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்டு. வாயெடுக்கவில்லை. நீ எழுந்து, "நாவே சார். நாவே மாடித்து" என்றாய். நாங்கள்தான் செய்தோம் என்று. யாரோ ஒருத்தி என்றால் அந்த ஒருத்தி யார் என்று அடுத்த கேள்வி வரும். நாங்கள் என்றால் வராது. அவருக்குக் கோபம் அடங்கிவிட்டது, இனிமேல் ஜாக்கிரதை என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். வெளியே வந்து உன் கையைப் பிடித்தேன். "விடு, சாப்பிடப் போலாம்" என்றாய். அதற்குப் பிறகு அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் நோட்டு வந்தது. கட்டங்களை நீயே ஸ்கேல் வைத்துப் போட்டாய். பெயர், அப்பா பெயர், முன்னால் இருந்த இனிஷியல், இப்போதைய இனிஷியல், தொலைபேசி எண், பதில். இன்னும் கேட்காத ஆளுக்குப் பதில் கட்டத்தில் பென்சிலால் "கேட்கணும்" என்று எழுதுவாய். கேட்டு முடித்ததும் அதை அழித்துவிட்டு நீல மையால் பதிலை எழுதுவாய். சட்டம் ஒன்றே ஒன்று. "கேட்டுட்டுத்தான் சேர்க்கணும். செத்தாலும் கேக்காம சேக்கக் கூடாது." இயந்திரம் என்ன சொன்னாலும், நமக்கே நிச்சயமாகத் தெரிந்தாலும், அந்த ஆள் வாயால் சொல்லவேண்டும். சொன்னபடி மென்பொருளில் "வேறு ஆள்" என்றோ "அதே ஆள்" என்றோ ஒரு குறி போடுவோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஃபோனை எடுப்பாய். கன்னடக்காரர் என்றால் "ஊட்டா ஆய்தா மேடம்?" என்று சாப்பாட்டை விசாரித்து ஆரம்பித்து, ஊர்க் கதையெல்லாம் பேசி, நைசாக "நிம்ம தந்தே ஹெசரு ஏனு?" என்று அப்பா பெயரைக் கேட்பாய். பாதிப் பேர் வங்கி மோசடி என்று பயந்து வைத்துவிடுவார்கள். திரும்பக் கூப்பிடுவாய். "ஓடிபி கேக்க மாட்டேன்மா, சத்தியமா. உங்க அப்பா பேரு மட்டும் போதும்." கோலாரிலிருந்து ஒரு அம்மா உன்னைப் பதினைந்து நிமிஷம் விசாரணை செய்துவிட்டுச் சொன்னாளே, "கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினது நான். பின்னாடி எழுதினதும் நான். இதுல நடுவுல அவருக்கு என்ன மேடம் வேல? வெறும் பேரப் போடுங்க." அன்றைக்குப் பூராவும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நிறையப் பேர் கடைசியில் ஒரே கேள்வி கேட்பார்கள். என் தீசிஸை யாராவது படிக்கிறாங்களா? எண்ணிக்கையைப் பார்க்காமலே "படிக்கறாங்கமா" என்பாய். பொய் சொல்கிறாயே என்றால், "நாளைக்குப் படிப்பாங்க. கதவு தெறந்துதான இருக்கு" என்பாய்.

ஒருநாள் நோட்டைப் புரட்டும்போது உன் பெயரையே பார்த்தேன். ஊரையே விசாரித்தவள் உன்னையும் ஒரு வரியாக எழுதி வைத்திருந்தாய். கண்டோன்மெண்ட் சந்துகளில் கூலி வேலைக்காரர்கள் நடத்தின சாயங்கால வாசகசாலைகளைப் பற்றிய உன் எம்.ஃபில். ஆய்வேடு அப்பாவின் எழுத்தில். பிற்பாடு நீ எழுதிய கட்டுரைகள் கணவரின் எழுத்தில். அவரோடு நீ இருந்ததே ஐந்து வருஷம். மற்ற காலமெல்லாம் அண்ணன் வீட்டு மாடி அறைதான். ஆனாலும் அடையாள அட்டையில் கடைசிவரை அவர் எழுத்துதான் இருந்தது. மாற்றச் சோம்பலா, மாற்ற மனமில்லையா, எனக்குத் தெரியாது. "உன்னுதைச் சேர்க்கலையா?" என்று சும்மா கேட்டேன். "என் பேரு எங்க ஓடிப்போவுது, கடைசில பாத்துக்கலாம்" என்றாய். நானும் தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உன் அண்ணன் ஃபோன் செய்தார். ரத்த அழுத்தம் என்றார்கள். வேலைக்குக் கிளம்பப் புடவைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாயாம், பிறகு எழுந்திருக்கவே இல்லையாம். கணினியைப் பார்த்துப் பார்த்துத் தலைவலி என்று நாமிருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். கண்ணாடியை மாற்று என்று உனக்கு அறிவுரை வேறு சொன்னேன். டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டிருக்கவேண்டும்.

கல்லறையில் சிலுவைக்குப் பெயர் எழுதுகிறவர் பெயிண்ட் டப்பாவோடு நின்றார். இனிஷியல் என்ன என்று கேட்டார். உன் அண்ணன் என்னைப் பார்த்தார். "அவளுக்கு எதும்மா இஷ்டம்? எத்த எழுதச் சொல்றது?" இத்தனை வருஷம் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். "தெரியலண்ணா" என்றேன். இனிஷியல் இல்லாமலே எழுதினார்கள்.

அதற்குப் பிறகு இந்த மூன்றாம் மாடியில் நான் ஒருத்திதான். உன் இடத்துக்கு ஆள் போடுகிறோம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறார்கள். பென்சில் வரிகள் நிறைய மிச்சம் இருக்கின்றன. நான் நோட்டைத் தொடவில்லை. ஃபோனை எடுத்து முன்பின் தெரியாதவரிடம் அப்பா பெயரைக் கேட்க உனக்கு வந்தது, எனக்கு வராது என்று காரணம் வைத்திருந்தேன். நிஜமான காரணம், எனக்கு அலுத்துவிட்டது. புதிதாக வருவதைப் பதிவேற்றுவேன், கமிட்டிக்கு அறிக்கை எழுதுவேன், மெட்ரோ பிடித்து வீட்டுக்குப் போவேன். நாம் கட்டினது யாருக்காவது தேவையா என்ற கேள்வியைக்கூடக் கேட்க ஓய்ந்துபோயிருந்தேன்.

போன மாதம் எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி வண்டி அனுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். மேம்பாலத்தில் ஏறி இறங்குவதற்குள் இடுப்பு போய்விட்டது. பிரியா என்று ஒரு சின்னப் பெண், மரியாதையான பெண், எல்லாம் விளக்கினாள். நாம் போட்ட "வேறு ஆள்" குறி என்ன ஆகும் என்று கேட்டேன். "அந்தக் கட்டம் இதுல இல்ல மேடம். இது தானாவே கண்டுபிடிச்சிச் சேத்துடும். நீங்க யெஸ் குடுத்தா ஒரே ராத்திரில முடிஞ்சிடும்" என்றாள். இல்லை என்றால்? "ஒவ்வொண்ணா நீங்கதான் மேடம் பாக்கணும். அது எப்ப முடியும்?" அவள் கேட்டதில் தப்பில்லை. நம் டீன் அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார், ஆமா போட்டுவிட்டு நிம்மதியாக ரிடையர் ஆகுங்கள் என்று. எனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

ஆமா என்று தட்டச்சு செய்தும்விட்டேன், ஒளிக்காமல் சொல்கிறேன். அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு பெயரையாவது பார்த்துவிடலாம் என்றுதான் நேற்று அந்தக் கீழ்த்தட்டைத் திறந்தேன்.

விஜயலக்ஷ்மியின் வரி முதல் பக்கத்திலேயே இருந்தது. நீல மையில் "வேறு ஆள்". அதற்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாக வருஷங்கள் எழுதியிருந்தாய், ஒன்றன் கீழ் ஒன்றாக. எதற்கு என்று புரியவில்லை. எண்ணைச் சுழற்றினேன். எடுத்தாள். நூலகத்திலிருந்து என்றேன்.

"ஐயோ மேடம், ரெண்டு வருஷமா உங்க ஃபோனே வரல. வேல மாறிட்டீங்கன்னு நெனச்சேன்."

நான் அவர் இல்லை என்றேன். ஒவ்வொரு புது வருஷத்துக்கும் நீ அவளைக் கூப்பிட்டிருக்கிறாய். வேலை கிடைத்ததா என்று கேட்டிருக்கிறாய். கல்லூரி வேலை கடைசிவரை கிடைக்கவில்லையாம். எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே ஏதோ கம்பெனியில் பள்ளிப் பாடங்களைக் காணொளியாகச் செய்கிறாளாம். நான் போன மாதம் போய் வந்த இடத்துக்கு இரண்டு தெரு தள்ளி. நீ இல்லை என்று சொன்னேன். "எப்ப மேடம்?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அழுகிறாளோ என்னவோ.

பிறகு நான் சொன்னேன். "அன்னிக்கு டிக் போட்டது அவங்க இல்லம்மா. நான். அவங்க லீவுல இருந்தாங்க."

"அவங்க அப்படிச் சொல்லவே இல்லியே" என்றாள். "எப்பவும், நாங்க தப்பு பண்ணிட்டோம்மா, நாங்க தப்பு பண்ணிட்டோம்மானுதான் சொல்வாங்க."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கம்பெனியின் கேள்வியை அவளுக்கு விளக்கி, உங்கள் பெயரை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "தனியாவே இருக்கட்டும் மேடம். தயவு செஞ்சி." அப்புறம், வைப்பதற்கு முன், "என் தீசிஸை இப்ப யாராச்சும் பாக்கறாங்களா?" என்று கேட்டாள். நான் உன்னைப் போல் இல்லை, எண்ணிக்கையைத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கிறார்கள். ஏரி தூர்வாரும் வேலை நடக்கிற ஊர்களிலிருந்தெல்லாம் பார்த்திருக்கிறார்கள். சொன்னேன். "அப்டியா?" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்க நீ இருந்திருக்கவேண்டும்.

இன்று காலை கமிட்டிக்கும் கம்பெனிக்கும் சேர்த்துப் பதில் எழுதினேன். வேண்டாம், இயந்திரம் சேர்க்கவேண்டாம், பெயர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: முன்பு ஒருமுறை நான் கேட்காமல் சேர்த்தேன், அதனால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று. நாங்கள் என்று எழுதவில்லை. அந்த வாக்கியத்தை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. டீன் கூப்பிட்டு, எதற்கு மேடம் இந்த வயதில் உங்களுக்கு இந்தத் தலைவலி என்றார். தலைவலிக்குத் தைலம் இருக்கிறது சார் என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஃபோனை எடுத்தேன். மூன்று பேர் வைத்துவிட்டார்கள். நாலாவது ஆள், தும்கூர்க்காரர், அப்பா பெயரோடு தாத்தா பெயரையும் சொன்னார். பென்சிலை அழித்து நீல மையில் எழுதினேன். என் கையெழுத்து உன் கட்டத்துக்குள் அடங்கவில்லை. இரண்டு வருஷத்தில் முடியாது. எவ்வளவு முடியுமோ அவ்வளவு. களைப்பு போய்விட்டது என்று நினைக்காதே, அப்படியேதான் இருக்கிறது. அதோடுதான் செய்கிறேன்.

வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது உன் வரி வந்தது. இரண்டு பெயர்கள், உன்னுடைய எண், பதில் கட்டத்தில் பென்சிலில் "கேட்கணும்". உன் எண்ணை நான் இன்னும் கைப்பேசியிலிருந்து எடுக்கவில்லை.

கணினியில் உன் இரண்டு பதிவுகளும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. அது நீ, இதுவும் நீ என்று உலகத்தில் என்னைவிட நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இல்லை. ஒரு சொடுக்கில் உன்னை ஒரே ஆளாக்கிவிடலாம். எந்த எழுத்தில் இருக்க உனக்கு விருப்பம் என்றுதான் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆயிரம் மத்தியானங்கள் கிடைத்தன, ஒன்றிலும் கேட்கவில்லை.

அதனால் சேர்க்கவில்லை. இரண்டையும் திறந்தே விட்டிருக்கிறேன், யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். உன் வரியில் மட்டும் பென்சிலை அழிக்க மாட்டேன்.